தள்ளுபடிக் கணக்கும் 48,000 ரூபாயும்



மஃரிபுக்குப் பிறகு நமது அறக்கட்டளைக் கட்டடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் பயிற்சியில் சென்ற மாதம் ஒரு கணக்கைப் பலகையில் எழுதினோம். ஒரு சட்டையின் குறித்த விலை 800 ரூபாய். 15 சதவீதம் தள்ளுபடி. விற்பனை விலை என்ன? விடைகள்: (அ) 120 (ஆ) 785 (இ) 680 (ஈ) 920.

சிலர் 120 என்று எழுதினார்கள். சிலர் 785. இரண்டும் தவறு. 785 என்று எழுதியவர்களில் ஒருவன் பள்ளி விட்டதும் கடைவீதியில் அத்தாவின் கடையில் போய் உட்காருகிற பையன். அவனிடம் தாளை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "தம்பி, உங்க கடையில 800 ரூபாய்ச் சாமானுக்கு நூத்துக்குப் பதினஞ்சு குறைச்சுக் கொடுக்கச் சொல்றாங்க. எவ்வளவு வாங்குவே?" என்று கேட்டோம். கண்ணை மூடித் திறப்பதற்குள் "அறுநூத்தி எம்பது" என்றான். அவனுக்குக் கணக்கு தெரியும். தாளில் 'குறித்த விலை', 'தள்ளுபடி', 'விற்பனை விலை' என்று படித்தவுடன், கடையில் தான் செய்கிற வேலையும் இதுவும் வேறு வேறு என்று நினைத்துவிட்டான். நமது பிள்ளைகளில் பலருடைய நிலை இதுதான். அதனால்தான் இந்த இதழில் இதற்கு இவ்வளவு இடம் ஒதுக்குகிறோம்.

கணக்குக்குள் போகுமுன், இதில் என்ன இருக்கிறது என்று பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதன் முழுப்பெயர் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் திட்டத் தேர்வு. பள்ளிகளில் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். மத்திய அரசு 2008-இல் தொடங்கிய திட்டம் இது. தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் நேரடியாக வரும். நான்கு ஆண்டுக்கு 48,000. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளே எழுத முடியும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 1,00,000 பேருக்குத் தருவதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695.

முன்பு சிறுபான்மையினர் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே மத்திய அரசின் உதவித்தொகை இருந்தது. பல வீடுகளில் நோட்டுப் புத்தகம், சீருடைச் செலவை அதை வைத்துத்தான் சமாளித்தார்கள். 2022-இல் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடம் காலியாகிவிட்ட பிறகு, போட்டியிட்டுப் பெற வேண்டிய இந்த உதவித்தொகையின் மதிப்பு நமது வீடுகளுக்குக் கூடியிருக்கிறது.

தேர்வு இரண்டு தாள். மனத்திறன் தாளில் 90 கேள்விகள், படிப்பறிவுத் தாளில் 90 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதம், அதாவது 36 மதிப்பெண் எடுத்தால் தகுதி. (பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32 சதவீதம்.) ஆனால் தகுதி பெற்றவர் எல்லோருக்கும் பணம் கிடைக்காது. மேலிருந்து தரவரிசைப்படி எடுப்பார்கள். அதனால் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் பட்டியலுக்கு வெளியே நிற்க நேரிடலாம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், தள்ளுபடிக் கணக்கை மூன்று நிமிடம் போடுகிற பிள்ளை வேறு இரண்டு கேள்விகளை இழக்கிறது.

இனி கணக்கு. முதலில் வார்த்தைகள். பாதிச் சிக்கல் வார்த்தையில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். கேள்வித்தாளில் ஒரு இடத்தில் சதவீதம் என்றும் இன்னொரு இடத்தில் விழுக்காடு என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான், நூற்றுக்கு எவ்வளவு என்பது. கடைக்காரர் தாம் வாங்கிய விலை அடக்க விலை. சிலர் கொள்முதல் விலை என்றும் எழுதுவார்கள். பொருளின் மேல் சீட்டில் ஒட்டியிருப்பது குறித்த விலை. நாம் கடைசியாகக் கொடுப்பது விற்பனை விலை. குறித்த விலையில் குறைப்பது தள்ளுபடி. பழைய வியாபாரிகள் இதைக் கழிவு என்பார்கள்.

இந்தத் 'தள்ளுபடி' என்ற வார்த்தையும் பிள்ளைகளைக் குழப்புகிறது. செய்தித்தாளில் 'நகைக்கடன் தள்ளுபடி' என்று வந்தால் கடன் முழுவதும் போய்விட்டது என்று பொருள். 'மனு தள்ளுபடி' என்றாலும் அப்படியே. கடைக்கணக்கில் தள்ளுபடி என்றால் ஒரு பங்கு மட்டும் போகிறது, மீதி நிற்கிறது. வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

சரி, 800 ரூபாயில் 15 சதவீதம் எப்படி? பள்ளியில் 15-ஐ 100-ஆல் வகுத்து 800-ஆல் பெருக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். அது சரியான வழிதான், ஆனால் தேர்வு அறையில் நேரம் தின்னும். வேறு வழி சொல்கிறோம். எந்தத் தொகையிலும் 10 சதவீதம் என்பது கடைசி இலக்கத்தை ஒரு இடம் தள்ளுவது மட்டுமே. 800-இல் 10 சதவீதம் 80. அதில் பாதி 5 சதவீதம், 40. இரண்டும் சேர்ந்தால் 15 சதவீதம், 120. 800-இல் 120 போனால் 680.

இந்தப் 'பத்து, அதில் பாதி' வழி நமது வீடுகளுக்குப் புதிதல்ல. ஜகாத் கணக்குப் போடும் பெரியவர்கள் செய்வது இதுதான். ஜகாத் நூற்றுக்கு இரண்டரை. 1,20,000 ரூபாய்க்கு ஜகாத் பார்க்க வேண்டும் என்றால், பத்து சதவீதம் 12,000, அதில் பாதி 6,000, அதிலும் பாதி 3,000. நாற்பதில் ஒரு பங்கு என்றும் சொல்வார்கள். 1,20,000-ஐ 40-ஆல் வகுத்தாலும் அதே 3,000 வரும். ரமழானில் நன்னா கணக்குப் போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அவனையே போடச் சொல்லுங்கள். சதவீதப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

அடுத்து, முன்னே சொன்ன நான்கு விடைகளை மறுபடியும் பாருங்கள். 680 சரி. மற்ற மூன்றையும் கேள்வி எழுதியவர் சும்மா போடவில்லை. 120 என்பது தள்ளுபடித் தொகை. பாதி வழியில் நின்றுவிடும் பிள்ளைக்காக வைத்தது. 785 என்பது சதவீதத்தை ரூபாயாக நினைத்து 15-ஐக் கழிக்கும் பிள்ளைக்காக. 920 என்பது கழிப்பதற்குப் பதில் கூட்டும் பிள்ளைக்காக. கேள்வித்தாளில் நாம் செய்யக்கூடிய தவறுகள் எல்லாமே விடைகளாக அச்சாகி வரும். 'நான் போட்ட விடை தாளில் இருக்கிறதே, அதனால் சரியாகத்தான் இருக்கும்' என்று பிள்ளைகள் நம்பி ஏமாறுவது இங்கேதான். கேள்வியின் கடைசி வரியில் என்ன கேட்கிறார்கள், தள்ளுபடியா, விற்பனை விலையா, குறித்த விலையா என்று பென்சிலால் கோடு போட்ட பிறகு கணக்கைத் தொடச் சொல்கிறோம். விற்பனை விலை கேட்டால் 920-ஐ உடனே அடித்துவிடலாம். தள்ளுபடி கொடுத்த பிறகு விலை ஏறாது.

இன்னும் விரைவாக ஒரு வழி உண்டு. 15 சதவீதம் போனால் மீதி 85 சதவீதம். 800-இல் 85 சதவீதம் என்றால் எட்டு எண்பத்தைந்து, 680. கழிக்கும் வேலையே இல்லை. 'எவ்வளவு போகிறது' என்று பார்ப்பதைவிட 'எவ்வளவு நிற்கிறது' என்று பார்க்கப் பழகினால், இனி வரும் கடினமான கணக்குகள் எல்லாம் இளகிவிடும்.

அந்தக் கடினமான கணக்குகளில் முதலாவது, தலைகீழ்க் கணக்கு. 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் ஒருவர் 960 ரூபாய் கொடுத்தார், குறித்த விலை என்ன? எங்கள் வகுப்பில் அதிகம் பேர் சறுக்கியது இதில்தான். 960-இல் 20 சதவீதம் 192, அதைக் கூட்டினால் 1,152 என்று போட்டார்கள். கேட்டால், "கழிச்சதைத் திரும்பக் கூட்டினோம்" என்றார்கள். நியாயமான பேச்சு போலத்தான் தெரிகிறது. ஆனால் கடைக்காரர் 20 சதவீதம் குறைத்தது 960-இல் அல்ல, அதைவிடப் பெரிய ஒரு தொகையில். அந்தப் பெரிய தொகையின் 20 சதவீதமும் பெரியதாகத்தான் இருக்கும். 192 போதாது.

நிற்பது எவ்வளவு என்று பாருங்கள். 20 போனால் நிற்பது 80 சதவீதம். அந்த 80 சதவீதம்தான் 960 ரூபாய். அப்படியானால் 10 சதவீதம், 960-ஐ எட்டால் வகுத்தால் 120. நூறு சதவீதம் 1,200. சரிதானா என்று பார்க்க ஒரு நொடி போதும். 1,200-இல் 20 சதவீதம் 240, கழித்தால் 960. பொருந்துகிறது. 1,152-ஐ இப்படிச் சோதித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அதில் 20 சதவீதம் 230 ரூபாய் 40 காசு, கழித்தால் 921 ரூபாய் 60 காசு.

நான்கு விடைகள் கொடுத்திருக்கும் தேர்வில் வழி தெரியாவிட்டாலும் இந்தச் சோதனையையே வழியாக்கிக்கொள்ளலாம். விடை ஒவ்வொன்றையும் குறித்த விலையாக வைத்துக் கழித்துப் பார், எது 960 தருகிறதோ அதுதான். ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை, 'கணக்கைக் கற்காமல் ஏய்ப்பது' என்பார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. சோதித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு புரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தெரியாத ஒன்றைத் தெரிந்தவற்றிலிருந்து பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கும் இந்த வேலைக்கு இயற்கணிதம் என்று பெயர். ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. வாரிசுப் பங்கு, வியாபாரம், நில அளவை போன்ற அன்றாடக் காரியங்களில் மக்களுக்கு உதவும் கணக்கு என்றே அவர் அந்த நூலின் முன்னுரையில் சொல்கிறார்.

சதவீதத்தையே கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வி எளிது. குறித்த விலை 1,250, விற்ற விலை 1,100. தள்ளுபடி 150. இந்த 150-ஐ எதால் வகுப்பது என்பதில் மட்டும் கவனம். எப்போதும் குறித்த விலையால். 150-ஐ 1,250-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 12 சதவீதம். 1,100-ஆல் வகுத்தால் பதின்மூன்று சொச்சம் வரும், அதுவும் ஒரு விடையாகத் தாளில் இருக்கலாம். இலாபம், நட்டம் என்றால் மட்டும் அடக்க விலையால் வகுக்க வேண்டும். தள்ளுபடிக்குக் குறித்த விலை, இலாபத்துக்கு அடக்க விலை. இதை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். மற்றதற்கு மனப்பாடம் தேவையில்லை.

இனி, பெருநாள் நெருங்கும்போது கள்ளக்குறிச்சித் துணிக்கடைகளின் பதாகைகளில் பார்க்கிற '20% + 10%'. இதைத் தேர்வில் தொடர் தள்ளுபடி என்பார்கள். மொத்தம் 30 சதவீதம் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, நாமும் நினைக்கிறோம். 100 ரூபாய்ப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 20 போனால் 80. அடுத்த 10 சதவீதம் இந்த 80-இல்தான், அதாவது 8 ரூபாய். மீதி 72. ஆக மொத்தத் தள்ளுபடி 28 சதவீதம். வாய்பாடு வேண்டுமென்றால், இரண்டையும் கூட்டி, இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்ததைக் கழிக்க வேண்டும். 30-இல் 2 போனால் 28. ஆனால் மூன்று தள்ளுபடி வந்தால் வாய்பாடு குழப்பும், 100 ரூபாய் வழி குழப்பாது. 20, 10, 5 என்று மூன்று கொடுத்தால் 100 என்பது 80 ஆகி, 72 ஆகி, 68 ரூபாய் 40 காசு ஆகும். தள்ளுபடி 31.6 சதவீதம். வரிசையை மாற்றி முதலில் 5, பிறகு 20, பிறகு 10 என்று போட்டாலும் அதே விடைதான். 'எந்த வரிசை இலாபம்' என்று கேட்டால் 'எல்லாம் ஒன்றே' என்ற விடையை அஞ்சாமல் குறிக்கலாம்.

'நேரடியாக 50%' என்று ஒரு கடையும் '40% + 20%' என்று ஒரு கடையும் போட்டால் எதில் வாங்குவது? இரண்டாவதில் 100 என்பது 60, அது 48. தள்ளுபடி 52. இரண்டாவதுதான் கொஞ்சம் மேல். ஆனால் 60 சதவீதம் குறைந்துவிட்டது என்று நினைத்து வாங்கினால் அது நமது பிழை. '50% வரை' என்று எழுதியிருக்கும் பதாகையில் 'வரை' என்ற சொல் எப்போதும் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது, ஏனோ தெரியவில்லை.

'4 வாங்கினால் 1 இலவசம்' என்பதும் தள்ளுபடிதான். எத்தனை சதவீதம்? நாலில் ஒன்று, 25 என்று கை தூக்குவார்கள். கையில் வருவது ஐந்து பொருள், காசு கொடுத்தது நாலுக்கு. ஐந்தில் ஒன்று இலவசம், ஆகவே 20 சதவீதம். '2 வாங்கினால் 1 இலவசம்' மூன்றில் ஒன்று, 33⅓ சதவீதம். '3 வாங்கினால் 2 இலவசம்' என்றால் ஐந்தில் இரண்டு, 40 சதவீதம்.

தள்ளுபடியும் இலாபமும் சேர்ந்து வரும் கணக்கு எட்டாம் வகுப்புப் பாடநூலில் இருக்கிறது. பெரிய பிள்ளைகள் எழுதும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பாடத்திட்டத்திலும் சதவீதம் உண்டு. அந்தத் தேர்வில் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். எட்டாம் வகுப்பில் நன்றாகப் புரிந்த இந்தப் பாடம் பத்து ஆண்டு கழித்து அரசு வேலைத் தேர்வுக்கும் துணை நிற்கும். வீட்டில் அண்ணன் அந்தத் தேர்வுக்குப் படித்தால் தம்பியையும் தங்கையையும் கூட உட்கார வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி இப்படி வரும். ஒரு வியாபாரி அடக்க விலைக்கு மேல் 40 சதவீதம் கூட்டி விலை குறிக்கிறார், பிறகு 25 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறார். அவருக்கு இலாபமா நட்டமா? 40-இல் 25 போனால் 15 சதவீத இலாபம் என்பது அவசர விடை. அடக்க விலை 100 என்று வைப்போம். குறித்த விலை 140. அதில் 25 சதவீதம், கால் பங்கு, 35. விற்பது 105-க்கு. இலாபம் 5 சதவீதம் மட்டுமே. 20 சதவீதம் கூட்டி 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால்? 100, 120, பிறகு 96. 4 சதவீதம் நட்டம். கூட்டியதும் குறைத்ததும் ஒரே எண்ணாக இருந்தாலும் கை நட்டமாகத்தான் முடியும், ஏனென்றால் கூட்டியது சின்னத் தொகையில், குறைத்தது பெரிய தொகையில். இந்தக் கணக்கை வகுப்பில் போட்ட மறுநாள் ஒரு பையன் வந்து, "அத்தா இத்தனை நாளா இப்படித்தான் குறைச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தாராம்" என்றான். அத்தாவுக்கும் பாடம் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இதே வகையில் பின்னோக்கியும் கேட்பார்கள். அடக்க விலை 450. 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்த பிறகும் 20 சதவீதம் இலாபம் வேண்டும், என்ன விலை குறிக்க வேண்டும்? 10-ஐயும் 20-ஐயும் கூட்டி 30 சதவீதம் ஏற்றினால் 585 வரும், தவறு. இலாபத்தோடு விற்க வேண்டிய விலை 450 உடன் 90, அதாவது 540. தள்ளுபடிக்குப் பின் நிற்கும் 90 சதவீதம்தான் இந்த 540. 10 சதவீதம் 60. குறித்த விலை 600. தலைகீழ்க் கணக்கில் செய்த அதே வேலைதான்.

கடைசியாக ஜிஎஸ்டி. 2,000 ரூபாய்ப் பொருளுக்கு 10 சதவீதம் தள்ளுபடி, பிறகு 5 சதவீதம் வரி. 10 கழித்து 5 கூட்டினால் 5 சதவீதம் குறைவு, ஆகவே 1,900 என்று போடக் கூடாது. தள்ளுபடிக்குப் பின் 1,800. வரி அந்த 1,800-க்கு, 90 ரூபாய். கொடுக்க வேண்டியது 1,890. ஆனால் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலையில் வரி எல்லாம் அடங்கியிருக்கும். அதற்கு மேல் தனியாக வரி கேட்கக் கூடாது. கேள்வியில் 'வரி தனி' என்று சொன்னால் மட்டும் கூட்டுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டாம். கடை ரசீது, துணிக்கடை விளம்பரத் தாள், பத்திரிகை விளம்பரம் இவை போதும். தீபாவளிக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதத் தள்ளுபடி தரும். 1,850 ரூபாய்ச் சேலைக்கு எவ்வளவு என்று அம்மா கேட்கட்டும். பத்து சதவீதம் 185, மூன்று மடங்கு 555, கழித்தால் 1,295. போனை எடுக்காமல் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். சரியா தவறா என்று ரசீதே சொல்லிவிடும்.

விண்ணப்பத்தைப் பற்றியும் சில வார்த்தை. தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அலைந்த வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அது ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நமது பெயர்களை ஒரு அலுவலகத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதிவிடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. தேர்வான பிறகு பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் உதவித்தொகை நின்றுவிடும் என்பதையும், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்பிலும் தொடரும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஐந்து கணக்குகள். கடிகாரத்தை வைத்து ஐந்து நிமிடத்தில் போடுங்கள். ஒன்று, 640 ரூபாய்ப் போர்வைக்கு 25 சதவீதம் தள்ளுபடி, விற்பனை விலை என்ன? இரண்டு, 15 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் 1,360 ரூபாய், குறித்த விலை என்ன? மூன்று, 30 சதவீதமும் 10 சதவீதமும் தொடர் தள்ளுபடி, மொத்தம் எத்தனை சதவீதம்? நான்கு, '7 வாங்கினால் 1 இலவசம்' என்பது எத்தனை சதவீதம்? ஐந்து, அடக்க விலை 600 ரூபாய், 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்த பிறகும் 12 சதவீதம் இலாபம் வர வேண்டும், குறிக்க வேண்டிய விலை என்ன?

விடைகள் வரிசையாக: 480 ரூபாய், 1,600 ரூபாய், 37 சதவீதம், 12½ சதவீதம், 840 ரூபாய். ஐந்தாவதில் 792 என்று வந்தவர்கள் 450 ரூபாய்க் கணக்கை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, இன்ஷா அல்லாஹ், மஃரிபுக்குப் பிறகு தாளோடு வகுப்புக்கு வாருங்கள்.